இங்கிலாந்துப் பள்ளிக்கூட வரவுப் பதிவு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு, ஐந்துக்கு இரண்டு

ஹரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று லண்டனில் எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம் இருக்கிற எந்தப் பக்கம் போனாலும், பிள்ளை உள்ள ஒவ்வொரு வீடும் பயன்படுத்தியே ஆக வேண்டிய சேவை ஒன்று இருக்கிறது. அதற்கு யாரும் மதிப்பீடு எழுதி நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூட வரவுப் பதிவைத்தான் சொல்கிறேன். காலையில் ஒரு தடவை, மதியத்துக்குப் பிறகு ஒரு தடவை, பிள்ளை வந்திருக்கிறதா இல்லையா என்று குறிக்கிற அந்த இடாப்பு. காசு கொடுத்து வாங்கவில்லை என்பதும், பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாற முடியாது என்பதும் சரிதான். ஆனால் மாற முடியாத சேவையைத்தான் கூடுதலாகக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்குள் நடக்கிற பகுதிக்கு ஐந்துக்கு நான்கு. அந்தக் குறி பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போன பிறகு நடக்கிற பகுதிக்கு ஒன்று. சேர்த்துப் பார்த்தால் இரண்டரை வர வேண்டும், நான் இரண்டு போடுகிறேன், ஏனென்றால் இரண்டாவது பகுதியைப் பற்றிப் பெற்றோரிடம் யாரும் ஒழுங்காகச் சொல்வதே இல்லை.

முதலில் நல்லது. எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வராத நாளை அறிவிக்கக் கைப்பேசிச் செயலி ஒன்று தந்திருக்கிறார்கள். காய்ச்சல் என்றால் காலையில் அதில் இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். தொலைபேசியில் ஆங்கிலத்தில் கதைக்கத் தயங்குகிற அம்மம்மா கூட, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற நாளில் இதைத் தானாகவே செய்துவிடுகிறார், இது சின்ன விடயம் இல்லை. நீங்கள் அறிவிக்கவில்லை, பிள்ளையும் வகுப்பில் இல்லை என்றால் கொஞ்ச நேரத்தில் செய்தி வரும், பதில் போகாவிட்டால் அலுவலகத்திலிருந்து அழைப்பார்கள். தனியாக பஸ்ஸில் போகிற பதினொரு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் அந்த அழைப்பின் பெறுமதி நன்றாக விளங்கும். பிள்ளை எங்கே என்று அரை மணி நேரத்துக்குள் ஒருவர் தேடத் தொடங்குகிறார் என்றால், அதற்காகவே இந்த இடாப்பு இருக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தனியாகப் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து போடுவேன்.

குறை என்னவென்றால், செயலி பெற்றோருக்குக் காட்டுவது நூற்றுக்கு எத்தனை என்ற வரவு வீதத்தை மட்டும்தான். தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் நிறம் மாறும். எந்த நாளுக்கு எந்தக் குறியீடு போட்டிருக்கிறார்கள் என்பதை அதில் பார்க்க முடியாது, கேட்டுத்தான் அறிய வேண்டும். எங்கள் மூத்தவளைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போன ஒரு காலைக்கு அனுமதியில்லாத வராமை என்று போட்டிருந்தார்கள். தவணை முடிவில் அச்செடுத்த தாளைக் கேட்டு வாங்கியபோதுதான் கண்ணில் பட்டது. வைத்தியரின் பதிவுக் குறுஞ்செய்தியைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் திருத்தினார்கள். ஆனால் கேட்காத வீட்டில் அது அப்படியே இருந்திருக்கும்.

அதனால் குறியீடுகளைப் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது, எல்லாம் வேண்டாம், அடிக்கடி வருகிற சிலவற்றை. இடாப்பு திறந்திருக்கும்போது பிந்தி வந்தால் 'எல்', அது வந்ததாகவே கணக்கு. மூடிய பிறகு வந்தால் 'யூ'. பிள்ளை அதன்பின் நாள் முழுக்க வகுப்பில் இருந்து படித்தாலும் அந்தக் காலை அரைநாள் அனுமதியில்லாத வராமையாகத்தான் போகும். இடாப்பை அரை மணி நேரத்துக்கு மேல் திறந்து வைக்க வேண்டாம் என்று அரசின் வழிகாட்டல் சொல்கிறது, அந்த வரம்புக்குள் எப்போது மூடுவது என்பது பள்ளிக்கூடத்தின் முடிவு. சுகமில்லை என்றால் 'ஐ', வைத்தியரிடம் போனால் 'எம்'. காரணம் இன்னும் தெரியவில்லை என்றால் 'என்', அதை ஐந்து பள்ளி நாட்களுக்குள் வேறொன்றாக மாற்ற வேண்டும், காரணம் கிடைக்காமலே போனால் அது 'ஓ', அதாவது அனுமதியில்லாத வராமை, ஆகிவிடும். இதோடு இன்னொன்று: சுகமில்லாத ஒவ்வொரு முறைக்கும் வைத்தியச் சான்று கொண்டு வா என்று வழக்கமாகக் கேட்கக் கூடாது, உண்மையான சந்தேகம் இருந்தால் மட்டும் கேட்கலாம் என்று அதே வழிகாட்டலில் இருக்கிறது. இது தெரியாமல் இருமலுக்குக் கூட ஜீ.பி. என்கிற குடும்ப வைத்தியரிடம் கடிதம் கேட்டு அலைகிற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

சமய அனுட்டானத்துக்கு 'ஆர்' என்று ஒரு குறியீடு இருக்கிறது. பெற்றோர் சேர்ந்த சமய அமைப்பு அனுட்டானத்துக்கென்றே ஒதுக்கிய நாளாக அது இருக்க வேண்டும் என்பது விதி. தீபாவளி பல வருடங்களில் அரைத்தவணை விடுமுறையை ஒட்டி வந்துவிடுகிறது. தைப்பொங்கலுக்கு அந்த வசதி இல்லை, சனி ஞாயிறில் விழுந்தாலொழிய அது பள்ளி நாள்தான். எங்களுக்குச் சமயத் தலைமைப்பீடம் என்று ஒன்று இருந்து நாள் குறித்துக் கொடுப்பதில்லை, ஆகவே அதிபர் எப்படி எடுத்துக்கொள்கிறாரோ அப்படி. ஒரு பள்ளிக்கூடம் 'ஆர்' போடலாம், அடுத்த தெருவில் உள்ளது 'ஓ' போடலாம். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழி.

தண்டப்பணத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் 2024க்கு முந்திய 60 பவுண் கணக்கிலேயே இன்னும் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பள்ளிக் கிழமைகளுக்குள் அனுமதியில்லாத பத்து அரைநாள், அதாவது ஐந்து நாள், சேர்ந்தால் தண்டம் போடுவது பற்றிப் பள்ளிக்கூடம் யோசிக்க வேண்டும். அந்த பத்துக்குள் 'ஜி' என்கிற அனுமதியில்லாத விடுமுறை, 'ஓ', மேலே சொன்ன 'யூ' மூன்றும் சேரும். 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண், அதற்குப் பிறகு 28 நாள் வரைக்கும் 160. மூன்று வருடத்துக்குள் அதே பெற்றோருக்கு அதே பிள்ளைக்காக இரண்டாவது தடவை வந்தால் நேராக 160. மூன்றாவது தடவைக்குத் தண்டம் இல்லை, அது பெரும்பாலும் நீதிமன்றம். பலர் கவனிக்காதது, இது ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. தாய் தகப்பன் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் கெதியாகக் கட்டினாலும் 320 பவுண். ஜூலை கடைசியில் கொழும்பு டிக்கெட் ஏறுகிற ஏற்றத்தில், ஒரு கிழமை முந்திப் புறப்பட்டால் இந்தத் தண்டத்தையும் கட்டி மிச்சமும் வரும் என்று கணக்குப் பார்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் மூன்று வருடம் என்பது நீண்ட காலம், அடுத்த வருடம் ஊரில் ஒரு செத்தவீடு வந்து அதிபர் அனுமதி கொடுக்காவிட்டால் கை கட்டுப்பட்டுப் போகும். விசேட காரணத்துக்காக அனுமதி கொடுக்க அதிபருக்கு அதிகாரம் இருக்கிறது, முதலில் அதைக் கேளுங்கள்.

தண்டம் பற்றி எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. விதி எழுதி வைத்திருக்கிறது, படித்துப் பார்க்கலாம், வாதாடலாம். என் முறைப்பாடு அந்தக் குறி அதற்குப் பிறகு எங்கே போகிறது என்பதில்.

2024 ஓகஸ்ட் 19 முதல் இங்கிலாந்தில் அரச பணத்தில் நடக்கிற எல்லாப் பள்ளிக்கூடங்களும் வரவை ஒவ்வொரு நாளும் கல்வித் திணைக்களத்துக்குப் பகிர வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன், 2022இலிருந்து, விருப்பமுள்ள பள்ளிக்கூடங்கள் செய்தன. பள்ளிக்கூடத்தின் கணினி முறைமையிலிருந்து திணைக்களத்துக்காக அதை எடுத்துக் கொடுக்கும் வேலை வொண்ட் என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. யாரும் உட்கார்ந்து எதையும் அனுப்புவதில்லை, அது தானாக நடக்கிறது. அதே விதிகளில் இடாப்பு கட்டாயம் மின்னணுவாக இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு பதிவையும் ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்றும் வந்தது. முன்பு மூன்று வருடமாக இருந்தது.

திணைக்களத்துக்குப் போவது, இந்தப் பள்ளிக்கூடத்தில் இன்று இத்தனை பேர் வரவில்லை என்ற தொகை மட்டும் என்றுதான் நான் கதைத்த பெற்றோரில் அநேகமானவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை. பிள்ளை பிள்ளையாகப் போகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் யூ.பி.என் என்று 13 இடங்கள் கொண்ட தனி இலக்கம் ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடம் மாறினாலும் அது கூடவே வரும். இன்று காலை உங்கள் மகனுக்கு 'ஐ', நேற்றுப் பின்னேரம் 'எம்', போன கிழமை 'யூ' என்பது அந்த இலக்கத்தோடு சேர்ந்து வெளியே போகிறது. ஏன் 'யூ' என்பது போவதில்லை. ஜூபிலி லைனில் ரயில் நின்றது, தம்பி வழியில் சத்தி எடுத்தான், அம்மா இரவு வேலை முடித்து வரப் பிந்திவிட்டது, இவையெல்லாம் வகுப்பு ஆசிரியைக்குத் தெரியும், அலுவலகத்தில் இருக்கிறவருக்குத் தெரியும். அவர்கள் பிள்ளையை முகம் பார்த்துத் தெரிந்தவர்கள். அவர்களைத் தாண்டிப் போகும்போது எழுத்து மட்டும்தான் மிஞ்சுகிறது.

இது போதாதென்று வருடத்தில் மூன்று தடவை, ஜனவரி, மே, ஒக்டோபரில், பள்ளிக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடக்கிறது. 2002இலிருந்து அதுவும் பெயரோடு, பிள்ளை பிள்ளையாகத்தான். வரவு, பெற்ற புள்ளிகள், இலவச உணவு, விசேட கல்வித் தேவை, இடைநிறுத்தம், இனம், வீட்டு மொழி எல்லாம் தேசிய மாணவர் தரவுத்தளத்தில் சேர்கின்றன. இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவு அதில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்தை விட்டு எப்போதோ வெளியேறியவர்களுடையது. 2005இல் இங்கே ஏ லெவல் எடுத்து இன்றைக்குத் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதே வாசலில் நிற்கிறவரும் அதில் இருப்பார்.

அரசின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வலுவான நியாயம். பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் வராத பிள்ளைகளைத் தொடர் வராமை என்று கணக்கெடுக்கிறார்கள். 2018-19இல் அது 10.9 வீதம். கொவிட்டுக்குப் பிறகு 2021-22இல் 22.5 வீதம். ஐந்து பிள்ளைக்கு ஒன்றுக்கும் மேலே. இரட்டிப்புக்கும் கூட. இதைப் பார்த்துவிட்டு எந்த அரசும் சும்மா இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. நாளாந்தத் தரவு வருவதால் அதிபர் தன் பள்ளிக்கூடத்தை அதே மாதிரியான மற்றப் பள்ளிக்கூடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், எந்த வகுப்பு, எந்தக் கிழமை நாள் சறுக்குகிறது என்று பார்க்கலாம், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை நாட்டின் கணக்கும் வெளியாகிறது. முன்பு தவணை முடிந்து மாதக் கணக்கில் காத்திருந்துதான் இது தெரிய வந்தது.

ஆனால் இதில் ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். நாட்டின் கணக்குக்குத் தொகை போதும். பள்ளிக்கூடங்களை ஒப்பிடவும் தொகை போதும். வகுப்பு வாரியாக, ஆண் பெண்ணாக, இலவச உணவு பெறுகிறவர் வாரியாகப் பிரித்த தொகை போதும். ஒரு தனிப்பிள்ளை தொடர்ந்து வராமல் இருக்கிறது என்றால் அந்தப் பிள்ளையைத் தேடிப் போகப் போவது பள்ளிக்கூடமும் கவுன்சிலும், வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கிற திணைக்களம் கதவைத் தட்டப் போவதில்லை. பள்ளிக்கூடம் மாறுகிற பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்கத் தனிப்பதிவு வேண்டும் என்பது சரி, அதற்குத்தான் தவணைக் கணக்கெடுப்பு இருக்கிறதே. நாளாந்தம், தனித்தனியாக, ஒரே இடத்தில் குவிப்பது வேறொரு முடிவு. அந்த முடிவுக்குப் பெற்றோரின் நம்பிக்கை வேண்டும், நம்பிக்கை வேண்டும் என்றால் இதுவரை எப்படிப் பாதுகாத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

பார்த்தால், தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கிற தகவல் ஆணையர் அலுவலகம் 2022 நவம்பரில் கல்வித் திணைக்களத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தது. கற்போர் பதிவுச் சேவை என்று திணைக்களத்திடம் இன்னொரு தரவுத்தளம் இருக்கிறது, 14 வயதுக்கு மேற்பட்டவர்கள், 2 கோடியே 80 லட்சம் பேர் வரை அதில் உண்டு. பயிற்சி கொடுக்கும் நிறுவனம் என்ற பெயரில் அதைத் திறந்து பார்க்கும் அனுமதி வைத்திருந்த ஒரு கம்பனி, உண்மையில் ஆட்களின் பின்னணி சரிபார்க்கும் வேலைதான் செய்தது. 2018 செப்டெம்பரிலிருந்து 2020 ஜனவரி வரை அந்த அனுமதி இருந்தது. சூதாட்டக் கணக்குத் திறக்க வருகிறவர்களின் வயதைச் சரிபார்க்க இந்தத் தரவு பயன்பட்டது. பிள்ளைகள் படிப்புக்காகக் கொடுத்த விபரம் சூதாட்டக் கம்பனிகளின் வேலைக்கு. திணைக்களம் தானாக இதைக் கண்டுபிடிக்கவில்லை, ஞாயிறு பத்திரிகை ஒன்றில் வந்த பிறகுதான் தெரிந்தது. சாதாரணமாக இருந்தால் ஒரு கோடி பவுணுக்கு மேல் தண்டம் போட்டிருப்போம், அரச திணைக்களம் என்பதால் போடவில்லை என்று ஆணையர் அலுவலகம் சொன்னது. அப்போது 12,600 நிறுவனங்களுக்கு அந்தத் தரவுத்தளத்துக்குள் போகும் அனுமதி இருந்தது, பிறகு 2,600ஐ நீக்கினார்கள்.

ஐந்து நாள் அனுமதியில்லாமல் வராத பிள்ளையின் தாய்க்கு 80 பவுண் தண்டம். இத்தனை லட்சம் பேரின் விபரத்தைப் பார்த்துக்கொள்ளாமல் விட்ட திணைக்களத்துக்குக் கடிதம். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்னர், 2020இல், அதே ஆணையர் அலுவலகம் திணைக்களத்தைக் கட்டாயக் கணக்காய்வு செய்து 139 பரிந்துரைகள் கொடுத்தது, அவற்றில் அறுபது வீதத்துக்கு மேல் அவசரம் அல்லது அதிக முக்கியம் என்ற வகையில் வந்தன. பிள்ளைகளின் தரவு உரிமைக்காக வேலை செய்யும் டிஃபெண்ட் டிஜிட்டல் மீ போன்ற அமைப்புகள் வருடக்கணக்காகத் தகவல் கேட்டுக் கேட்டுத்தான் இவற்றில் பல வெளிச்சத்துக்கு வந்தன. அதன் பிறகு முன்னேற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வெளியாருக்கு யார் யாருக்கு என்ன கொடுத்தோம் என்ற பட்டியலைத் திணைக்களம் இணையத்தில் போடுகிறது, ஆராய்ச்சியாளர்களில் பலர் இப்போது பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள் போய்த்தான் தரவைப் பார்க்க வேண்டும், கையில் கொண்டு போக முடியாது. நல்ல மாற்றம்.

எங்கள் சனத்துக்கு இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த மதிப்பீட்டை முடிக்க முடியாது. 2016 ஒக்டோபர் கணக்கெடுப்பில் பிள்ளை பிறந்த நாடு எது, குடியுரிமை எது என்று பள்ளிக்கூடங்களைக் கேட்கச் சொன்னார்கள். அதற்கு முன், 2015இலேயே, கல்வித் திணைக்களத்துக்கும் குடிவரவைக் கவனிக்கிற ஹோம் ஒஃபிஸுக்கும் இடையில் ஒரு உடன்பாடு இருந்தது பின்னர் வெளியே வந்தது. குடிவரவு விசாரணைக்காக மாதம் 1,500 பிள்ளைகள் வரையான விபரத்தைக் கேட்டுப் பெறலாம் என்ற உடன்பாடு. விலாசம் தெரியாத குடும்பத்தை, பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தின் பதிவை வைத்துத் தேடுவது. வழக்குத் தீராமல் ஐந்து வருடம் பத்து வருடம் இருந்த எத்தனை குடும்பங்கள் எங்களுக்குள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது ஒன்றுதான் பயமில்லாமல் செய்யக்கூடிய காரியமாக இருந்தது. பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள், பல வீடுகளில் அந்தக் கட்டங்களை நிரப்ப மறுத்தார்கள், 2018இல் அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். கல்விக்கென்று சேர்த்ததை வேறொரு அலுவலகம் கேட்டால் கொடுத்துவிட முடியும் என்பதை அப்போது நாங்கள் கண்ணால் பார்த்தோம். அதற்குப் பிறகு நாளாந்த வரவும் சேர்கிறது என்றால், ஒரு பிள்ளை இன்று காலை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதே மத்திய பதிவில் இருக்கிறது என்று அர்த்தம்.

இனக் குறியீட்டில் நாங்கள் தனியாகவே இருக்கிறோம் என்பதும் பலருக்குத் தெரியாது. திணைக்களத்தின் விரிவான பட்டியலில் இலங்கைத் தமிழருக்கு என்று ஏ.எஸ்.எல்.டி என்ற குறியீடு உண்டு, சிங்களவருக்கு வேறு, இலங்கையில் மற்றவருக்கு வேறு. இதனால் நன்மையும் உண்டு, எங்கள் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், எங்கே உதவி தேவை என்று கவுன்சில்கள் கணக்குப் பார்க்க இது உதவும். எங்களைத் தனியாக எண்ணுவதை நான் எதிர்க்கவில்லை. ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்து, விரும்பிக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

இனி 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைத்த பிள்ளைகள் நலன் மற்றும் பள்ளிக்கூடங்கள் சட்டமூலத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எல்லாச் சேவைகளுக்கும் பொதுவான ஒரே இலக்கம் என்ற யோசனையும் இருந்தது. துன்புறுத்தப்பட்டு இறந்துபோன பிள்ளைகளின் விசாரணைகளில் மறுபடி மறுபடி வெளியாவது, வைத்தியசாலைக்கு ஒன்று தெரியும், பள்ளிக்கூடத்துக்கு ஒன்று தெரியும், சமூக சேவைக்கு ஒன்று தெரியும், மூன்றும் ஒன்றாகச் சேரவில்லை என்பதுதான். அதனால் அந்த யோசனையை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் இணைக்க இணைக்க, கசிந்தால் போவதும் கூடும், அதையும் சேர்த்துத்தான் சட்டம் எழுத வேண்டும்.

இரண்டை நான்காக மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், பெரிய காசு தேவையில்லை. செயலியில் வீதத்தைக் காட்டுகிற இடத்தில் ஒவ்வொரு அரைநாளுக்கும் போட்ட குறியீட்டையும் காட்டி, பிழை என்றால் அங்கேயே சொல்ல வழி வையுங்கள். திணைக்களம் வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு குடும்பத்துக்கும் உங்கள் பிள்ளையைப் பற்றி எங்களிடம் இவை இருக்கின்றன, இன்னாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு தாள் அனுப்பட்டும், அதைத் தமிழிலும் வங்காளியிலும் போலந்து மொழியிலும் அனுப்பட்டும், தண்டக் கடிதத்தைத் தேடி வந்து கொடுக்க முடிகிறவர்களுக்கு இது முடியும். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறி இத்தனை வருடத்துக்குப் பிறகு பெயர் வேறு, பதிவு வேறாகப் பிரிக்கப்படும் என்று ஒரு திகதி குறிக்கட்டும். குடிவரவு வேலைக்குப் பள்ளிப் பதிவைத் தொடக் கூடாது என்பதை உடன்பாட்டில் இல்லை, சட்டத்தில் எழுதட்டும், உடன்பாட்டை இரண்டு அலுவலகங்கள் கதவை மூடிவிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியவை சில இருக்கின்றன, எல்லாம் இலவசம். தவணைக்கு ஒரு தடவை வரவுத் தாளின் பிரதியைக் குறியீடுகளோடு அலுவலகத்தில் கேளுங்கள், பிழை இருந்தால் மின்னஞ்சலில் எழுதித் திருத்தக் கேளுங்கள், வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். கவுன்சில் நடத்துகிற பள்ளிக்கூடம் என்றால் பிள்ளையின் கல்விப் பதிவை 15 பள்ளி நாட்களுக்குள் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கவுன்சிலின் கீழ் இல்லாமல் அரச பணத்தில் நடக்கிற அகாடமி என்றால் அந்த விதி இல்லை, ஆனால் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அதே சட்டத்தின்படி கல்வித் திணைக்களத்திடமும் நேராகக் கேட்கலாம், மாணவர் தரவுத்தளத்தில் என் பிள்ளையைப் பற்றி என்ன இருக்கிறது, யாருக்குப் போயிருக்கிறது என்று. பிள்ளை விளங்கிக்கொள்ளும் வயது என்றால் அவரும் சேர்ந்து கையெழுத்து வைப்பது முறை, அது அவருடைய பதிவு. இங்கே படித்து முடித்த பெரியவர்களும் தங்களுடையதைக் கேட்கலாம்.

இன்னொன்று ஒக்டோபர் கணக்கெடுப்புக்கு முன்னால் செய்ய வேண்டியது. செப்டெம்பரில் பல பள்ளிக்கூடங்கள் பிள்ளையின் விபரத்தைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு தாளை வீட்டுக்கு அனுப்பும். இனம், வீட்டு மொழி ஆகியவற்றுக்கு நேரே சொல்ல விரும்பவில்லை என்று எழுத உங்களுக்கு உரிமை உண்டு, யாரும் காரணம் கேட்க முடியாது. நீங்கள் ஒன்றும் எழுதாமல் விட்டால் ஏற்கெனவே இருப்பதுதான் போகும், அதனால் அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்து, நிரப்பி, கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்புங்கள்.